வேப் பேட்டரித் தேர்வு: எம்ஏஎச் எண்ணுக்கு முன் ஆம்பியர் வரம்பு

வேப் (மின்சிகரெட்) சாதனத்துக்குத் தனியாகப் பேட்டரி வாங்குகிறவர்களின் கண், உறையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) எண்ணில்தான் பெரும்பாலும் முதலில் விழுகிறது. 2500, 3000, 3500 என்று அந்த எண் கூடக் கூட, ஒருமுறை ஏற்றிய சார்ஜ் அதிக நேரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் சாதனம் கேட்கிற மின்னோட்டத்தை அந்தச் செல் அளவுக்கு மீறிச் சூடேறாமல் கொடுக்குமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. விடை இருப்பது தொடர் மின்னோட்ட வரம்பு, அதாவது செல் இடைவிடாமல் பாதுகாப்பாகத் தரக்கூடிய உச்ச ஆம்பியர், என்ற இன்னோர் எண்ணில். அது சில உறைகளில் இருக்கும், பலவற்றில் இருக்காது, சிலவற்றில் இருந்தும் பொய்யாக இருக்கும். செல் வகைகளையும் சாதன வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று முடிவெடுக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவியை உள்ளிழுப்பதால் உடலுக்கு வரும் கேடு தனி விஷயம். புகைப் பழக்கம் இல்லாதவர் இதைத் தொடங்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே பயன்படுத்துகிறவர் தீக்காயத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கவலை.

இந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் வெளிவந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் காயமடைந்தவர்கள் 133 பேர். அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம். அந்த 195-இல் 61 நிகழ்வுகள், சாதனமோ உதிரிப் பேட்டரியோ உடுப்பின் பைக்குள் இருந்தபோது நடந்தவை. 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், உறை தவிர வேறெந்தப் பாதுகாப்பும் இல்லாத தனி 18650 (உருளை வடிவ லித்தியம் அயனி) செல்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று எச்சரித்தது. செல் உற்பத்தி நிறுவனங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே: பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய பேட்டரித் தொகுப்புகளுக்குள் வைப்பதற்காகவே இவற்றைச் செய்கிறோம், தனியாகக் கையாள்வதற்காக அல்ல என்று அவை சொல்லிவருகின்றன. ஆகவே கழற்றி மாட்டும் செல்லைத் தேர்ந்தெடுக்கும் எவரும், உற்பத்தியாளர் நினைத்திராத ஒரு பயன்பாட்டுக்குத்தான் அதை எடுத்துக்கொள்கிறார். தொகுப்புக்குள் இருக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்றின் வேலையைச் சாதனமும் அதைப் பிடித்திருப்பவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கொள்ளளவும் மின்னோட்டமும் ஏன் சேர்ந்து வருவதில்லை

18650 என்ற எண் செல்லின் அளவைக் குறிக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். இந்த உலோகக் குப்பிக்குள், நேர்மின்வாய்த் தகடும் எதிர்மின்வாய்த் தகடும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் பிரிப்பானுடன், பாயைச் சுருட்டியது போல இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. கொள்ளளவைக் கூட்ட வேண்டுமானால் தகடுகளின் மேல் பூசும் வேதிப்பொருளைத் தடிமனாகப் பூச வேண்டும். அப்படிப் பூசினால் சுருட்டக்கூடிய தகட்டின் நீளம் குறையும், அயனிகள் கடக்க வேண்டிய தூரம் கூடும், உள்மின்தடை ஏறும். மின்னோட்டம் கூட வேண்டுமானால் மெல்லிய பூச்சும் நீளமான தகடும் வேண்டும். அப்போது கொள்ளளவு குறையும். குப்பியின் அளவு மாறாத வரை இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றதைப் பெற முடியும்.

உள்மின்தடை எதற்காக முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். செல்லுக்குள் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை உள்மின்தடையால் பெருக்கினால் வருவது. 15 மில்லிஓம் உள்மின்தடை உள்ள ஒரு செல்லிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் செல்லுக்குள் 1.5 வாட் வெப்பம் உண்டாகும். 20 ஆம்பியர் எடுத்தால் அது 3 வாட் ஆவதில்லை, 6 வாட் ஆகிறது. 30 ஆம்பியருக்கு 13.5 வாட். மின்தடை 35 மில்லிஓம் உள்ள செல்லிலிருந்து அதே 20 ஆம்பியரை எடுத்தால் 14 வாட். அத்தனை வெப்பமும் விரல் நீளமுள்ள, காற்றோட்டமில்லாத குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. வரம்பைக் கொஞ்சம் மீறினால் என்ன என்று கேட்கிறவர்கள் இந்த வர்க்கக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: மின்னோட்டத்தில் கொஞ்சமாக ஏறுவது வெப்பத்தில் நிறைய ஏறும். வெப்பம் ஏறி ஏறி ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸை எட்டும்போது பிரிப்பான் உருகத் தொடங்குகிறது. தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதன் பிறகு வெளியிலிருந்து எதையும் நிறுத்த முடியாது. வேதிவினையே தன் வெப்பத்தைத் தானே வளர்த்துக்கொண்டு போகும்.

இப்போது பெயருள்ள செல்களைப் பார்ப்போம். சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச் கொள்ளளவும் 20 ஆம்பியர் தொடர் வரம்பும் உள்ளது. சோனி தொடங்கி, அதன் பேட்டரிப் பிரிவை 2017-இல் வாங்கிய முராட்டா இப்போது செய்துவரும் விடிசி5ஏ, 2600 எம்ஏஎச் அளவில் 25 ஆம்பியர் தரக்கூடியது. 3000 எம்ஏஎச் படியில் எல்ஜி எச்ஜி2 20 ஆம்பியருக்கும், சாம்சங் 30க்யூ 15 ஆம்பியருக்கும் வரம்பிடப்பட்டவை. இன்னும் மேலே போய் 3500 எம்ஏஎச் என்ற படியை எட்டினால், எல்ஜி எம்ஜே1 10 ஆம்பியரோடும், சாம்சங் 35ஈ 8 ஆம்பியரோடும் நின்றுவிடுகின்றன. இந்தக் கடைசி இரண்டும் மிக நல்ல செல்கள். டார்ச் விளக்குக்கும் மடிக்கணினித் தொகுப்புக்கும் பொருத்தமானவை. 60 வாட்டில் ஓடும் வேப் சாதனத்துக்குள் போனால் அதே நல்ல செல்கள் ஆபத்தான செல்கள் ஆகிவிடுகின்றன.

கொள்ளளவைக் கூட்டி வாங்குவதால் உண்மையில் எவ்வளவு ஆதாயம் என்பதையும் பார்க்க வேண்டும். 3000 எம்ஏஎச் செல்லில் ஏறத்தாழ 10.8 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. 2500 எம்ஏஎச் செல்லில் 9 வாட்-மணி. சாதனத்தின் செயல்திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், 60 வாட்டில் முதலாவது ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று மேலாகவும் இரண்டாவது எட்டு நிமிடமும் காயிலை (திரவத்தை ஆவியாக்கும் கம்பிச் சுருளை) சூடாக்கும். ஓர் இழுப்புக்கு 3 விநாடி என்றால் வித்தியாசம் முப்பது இழுப்புச் சொச்சம். அதிலும் உயர் வாட்டில் மின்தடை கூடிய செல்லின் மின்னழுத்தம் சீக்கிரம் சரிந்து, சாதனம் 'பேட்டரி குறைவு' என்று முன்கூட்டியே நின்றுவிடுவதால் இந்த வித்தியாசமும் சுருங்கிப்போகிறது. இவ்வளவு சிறிய ஆதாயத்துக்காகப் பாதுகாப்பு இடைவெளியைக் கரைப்பது எனக்குச் சரியான பேரமாகத் தெரியவில்லை.

அண்மைக் காலத்தில், தகட்டின் ஓரம் முழுவதையும் இணைப்பாகப் பயன்படுத்தும் டேப்லெஸ் அமைப்பு உள்ள செல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. இவற்றின் உள்மின்தடை வெகுவாகக் குறைவு என்பதால் பழைய வரம்புகளைத் தாண்டிய மின்னோட்டத்தை இவை தருகின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் மின்னோட்டமும் இவற்றில் அதே அளவுக்குக் கூடுதல் என்பதை மறந்துவிடக் கூடாது.

தரவுத்தாளில் இரண்டு ஆம்பியர் எண்கள்

ஒரே செல்லுக்கு ஒரு கடையில் 15 ஆம்பியர், இன்னொரு கடையில் 30 ஆம்பியர் என்று போட்டிருப்பதைக் கண்டு குழம்பாதவர் இல்லை. முராட்டா விடிசி6 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்த நிபந்தனையும் இல்லாமல் தொடர்ந்து எடுப்பதற்கு அதன் வரம்பு 15 ஆம்பியர். செல்லின் வெப்பம் 80 டிகிரியை எட்டியதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும் 30 ஆம்பியர். மின்துளைப்பான் போன்ற கருவியின் தொகுப்புக்குள் அப்படி வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கும். வேப் சாதனங்களில் பெரும்பாலானவை தம் சர்க்யூட் பலகையின் வெப்பத்தைத்தான் கவனிக்கின்றன. செல்லின் மேல் உணரி எதுவும் ஒட்டியிருப்பதில்லை. ஆகவே நமக்குரிய எண் 15 மட்டுமே. மோலிசெல் பி42ஏ-வின் தரவுத்தாள் 45 ஆம்பியர் என்று சொன்னாலும், தொடர்ந்து எடுத்து வெப்பத்தை அளந்து பார்க்கும் சுயேச்சைச் சோதனையாளர்கள் அதை 30 ஆம்பியர் செல்லாக மதிப்பிடுவதும் இந்தக் காரணத்தால்தான். இரண்டு எண்கள் கண்ணில் பட்டால் சிறியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

'பல்ஸ்' என்ற பெயரில் அச்சிடப்படும் மூன்றாவது எண்ணைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். எத்தனை விநாடி எடுத்து எத்தனை விநாடி ஓய்வு கொடுத்து அளந்தது என்பதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை; ஒவ்வொருவரும் தமக்கு வசதியான எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். தவிர, பட்டன் ஒட்டிக்கொண்டோ பைக்குள் அழுந்தியோ சாதனம் தொடர்ந்து எரிந்தால், பல்ஸ் என்று நினைத்து எடுத்தது தொடர் மின்னோட்டமாக மாறிவிடும். அந்த நிலையிலும் தாங்கும்படி கணக்கிடுவதே முறை.

உங்கள் சாதனம் எத்தனை ஆம்பியர் கேட்கிறது?

இதற்கான கணக்கு சாதனத்துக்குச் சாதனம் வேறுபடுகிறது. சர்க்யூட் பலகை எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மாடில் (மாட் என்பது வேப் சாதனத்தில் செல்லைத் தாங்கும் உடற்பகுதி), காயிலும் செல்லும் நேரடியாகச் சேர்கின்றன. அதில் ஓம் விதியே போதும்: முழுச் சார்ஜில் இருக்கும் 4.2 வோல்ட்டைக் காயிலின் மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 0.25 ஓம் காயில் 16.8 ஆம்பியர் கேட்கும், 0.15 ஓம் 28 ஆம்பியர், 0.1 ஓம் 42 ஆம்பியர். செல் பாதி தீர்ந்தபின் 3.7 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுத் தேற்றிக்கொள்வது தவறு. ஒவ்வொரு சார்ஜுக்கும் பிறகு முதல் இழுப்பு 4.2 வோல்ட்டில்தான் தொடங்குகிறது.

வாட் அளவை வைத்து ஓடும் ரெகுலேட்டட் மாடில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே காயிலுக்கும் செல்லுக்கும் நடுவே சர்க்யூட் நிற்கிறது. காயிலின் மின்தடை என்னவாக இருந்தாலும், செல்லிடம் கேட்கப்படுவது நீங்கள் வைத்த வாட்டும் சர்க்யூட்டில் வீணாகும் சிறு பங்கும்தான். காயிலின் மின்தடையை வைத்து ரெகுலேட்டட் மாடுக்குச் செல் தேர்ந்தெடுப்பது மிகப் பரவலாக நடக்கும் பிழை. இன்னொரு வேறுபாடும் உண்டு: மெக்கானிக்கல் மாடில் சார்ஜ் குறையக் குறைய மின்னோட்டம் குறையும், ரெகுலேட்டட் மாடிலோ அதே வாட்டைக் கொடுக்க வேண்டியிருப்பதால் மின்னழுத்தம் இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். ஆகவே சாதனம் நின்றுபோகும் கடைசிப் புள்ளியான 3.2 வோல்ட்டுக்கும், 90 விழுக்காடு செயல்திறனுக்கும் கணக்கிட வேண்டும். வாட்டை 2.88-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 40 வாட்டுக்கு 13.9 ஆம்பியர், 60 வாட்டுக்கு 20.8, 80 வாட்டுக்கு 27.8. திருப்பிப் போட்டால், 15 ஆம்பியர் செல் ஒன்றை 43 வாட் வரையும், 20 ஆம்பியர் செல்லை 57 வாட் வரையும், 25 ஆம்பியர் செல்லை 72 வாட் வரையும் ஓட்டலாம். 3 வோல்ட் வரை இறங்க விடும் சாதனமானால் இந்த வாட் எண்களை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு செல் போடும் ரெகுலேட்டட் சாதனத்தில் வாட்டைப் பாதியாக்கிவிட்டு அதே கணக்கைப் போடலாம். உள்ளே தொடராக இணைத்திருந்தாலும் பக்கமாக இணைத்திருந்தாலும் ஒரு செல்லின் பங்கு பாதி ஆற்றல்தான். 100 வாட்டில் ஓட்டினால் ஒவ்வொரு செல்லும் 17.4 ஆம்பியர் கொடுக்கிறது. 25ஆர் போன்ற 20 ஆம்பியர் செல் இதைத் தாங்கும். ஆனால் இரண்டு 18650 போடும் சாதனத்தின் பெட்டியில் 200 வாட் என்று எழுதியிருந்தால், அந்த உச்சத்தில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 35 ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கும். மேலே பெயர் சொன்ன 18650 எதனாலும் அதைத் தொடர்ந்து தர முடியாது. சாதனத்தின் திரை 200 வரை ஏறுகிறது என்பதால் செல்லும் அதற்கு ஒத்துழைக்கும் என்று பொருளில்லை. திரையில் தெரியும் உச்சவரம்பைச் சர்க்யூட்டின் வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கலா, ரெகுலேட்டடா, உள்பேட்டரியா

மெக்கானிக்கல் மாடைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷார்ட் சர்க்யூட்டைக் கண்டுபிடித்து நிறுத்தவும், செல் ஒரேயடியாகத் தீர்ந்துபோகாமல் காக்கவும், தலைகீழாகப் போட்ட செல்லை மறுக்கவும் அதில் எதுவுமே இல்லை. காயிலின் மின்தடையை அளக்கும் கருவியில் 0.02 ஓம் பிழை இருந்தால்கூட, 0.12 என்று நினைத்தது 0.10 ஆக இருந்து, 35 ஆம்பியர் 42 ஆம்பியர் ஆகிவிடும். ஹைப்ரிட் வகை இணைப்புள்ள மாடில் அட்டமைசரின் (காயில் இருக்கும் மேல்பகுதியின்) நடு முள் நேரடியாகச் செல்லின் தலையைத் தொடுகிறது. அந்த முள் சுற்றியுள்ள திருகுப் பகுதியைவிடத் தெளிவாக வெளியே நீண்டிருக்கவில்லை என்றால், திருகிய கணமே நேர்முனையும் எதிர்முனையும் சேர்ந்துவிடும். இரண்டு செல்களைத் தொடராக அடுக்கும் மெக்கானிக்கல் மாடில் மின்னழுத்தம் 8.4 வோல்ட், ஒற்றைச் செல்லில் 16.8 ஆம்பியர் எடுத்த அதே 0.25 ஓம் காயில் இங்கே 33.6 ஆம்பியர் எடுக்கும், அதுவும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் முழுதாக. காயிலை மாற்றாமல் மாடை மட்டும் மாற்றுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். பக்கமாக இணைத்த இரண்டு செல் மாடில் மின்னோட்டம் பங்கிடப்படுவது நல்லதே, ஆனால் 4.2 வோல்ட் செல்லையும் 3.5 வோல்ட் செல்லையும் அறியாமல் சேர்த்துப் போட்டால், இரண்டின் உள்மின்தடையும் சேர்ந்து 40 மில்லிஓம் என்று கொள்வோமானால், பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஒன்றிலிருந்து மற்றதற்கு 17 ஆம்பியருக்கு மேல் பாயும்.

ரெகுலேட்டட் மாட் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தானே தடுக்கிறது. எனவே கழற்றி மாட்டும் செல் வேண்டும் என்பவருக்கு நியாயமான தேர்வு அதுதான். அதற்கும் எல்லை உண்டு: தவறான செல்லைப் போட்டு 80 வாட் வைத்தால் அது மறுக்காது. எந்தச் செல் போடப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட சிறு சாதனங்களில் இந்தத் தேர்வுச் சுமையே இல்லை. செல்லையும் சர்க்யூட்டையும் தயாரிப்பாளரே பொருத்திவிடுகிறார், ஆற்றலும் பெரும்பாலும் குறைவு, உதிரிச் செல் பைக்குள் உருளும் வாய்ப்பும் இல்லை. மின்சிகரெட்டுகளின் மின்னமைப்புக்கென்றே யூஎல் 8139 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அதற்குச் சான்று பெற்ற சாதனம் கிடைத்தால் முன்னுரிமை கொடுக்கலாம். குறை என்னவென்றால், செல் தேய்ந்தால் சாதனமே குப்பையாகிறது. கீழே விழுந்து உள்ளே செல் நசுங்கினாலும் வீங்கினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கணக்குகளில் ஆர்வமில்லாதவருக்கு, குறைந்த வாட் போதும் என்பவருக்கு, இதுவே நல்லது என்பேன்.

18650-க்கும் 21700-க்கும் இடையில்

21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 21700, கொள்ளளவும் மின்னோட்டமும் சேர்ந்து வராது என்ற சிக்கலைக் குப்பியையே பெரிதாக்கித் தளர்த்துகிறது. 4000 எம்ஏஎச் அளவுள்ள சாம்சங் 40டி, 4200 எம்ஏஎச் உள்ள மோலிசெல் பி42ஏ ஆகியவை ஒரு நல்ல 18650-ஐவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் ஆற்றலும், 25 முதல் 30 ஆம்பியர் வரையிலான உண்மையான மின்னோட்டமும் தருகின்றன. மேற்பரப்பு கூடுதல் என்பதால் வெப்பமும் எளிதாக வெளியேறுகிறது. ஒற்றைச் செல் சாதனத்தில் 50, 60 வாட் என்று நிதானமாக ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஒரே செல் என்பதால் ஜோடி சேர்க்கும் தொல்லையும் கிடையாது. இதிலும் 5000 எம்ஏஎச் சாம்சங் 50ஈ போன்றவை 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடும் செல்கள் என்பதால், 21700 என்று எழுதியிருந்தாலே போதும் என்று எடுத்துவிடக் கூடாது.

80 வாட்டைத் தாண்டுகிறவர் இரண்டு செல் சாதனத்துக்குப் போவதே சரி. 20700, 26650 ஆகிய அளவுகளுக்குத் தரமான செல்களின் தேர்வு குறைவு. சாதனம் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒழிய, அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உறையின் மேல் எழுதியிருப்பதை நம்பலாமா

இந்த வகைச் செல்களை உண்மையில் செய்கிற பெரிய நிறுவனங்கள் மிகச் சிலவே: சாம்சங், எல்ஜி, முராட்டா, பானசோனிக், மோலிசெல் ஆகியவற்றை முதலில் சொல்ல வேண்டும். வேப் கடைகளில் பளிச்சென்ற நிறத்தில் கிடைக்கும் பல பெயர்கள், வேறு நிறுவனத்தின் செல்லை வாங்கித் தம் உறையைப் போர்த்தி விற்பவை. அவற்றில் சில நேர்மையானவை. ஆனால் உள்ளே எந்தச் செல் இருக்கிறது என்பது அடுத்த சரக்கில் மாறிவிடலாம், உறை மட்டும் அப்படியே இருக்கும். ஒரே தரமுள்ள செல்லை மூல நிறுவனத்தின் பெயரிலேயே வாங்க முடியும்போது, மறுஉறை போட்டதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. 18650-இல் 5000 எம்ஏஎச், 9900 எம்ஏஎச் என்று எழுதியிருப்பவை போலி. அந்தக் குப்பிக்குள் அத்தனை ஆற்றலை அடைக்க முடியாது. நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் எடை இருக்கும். 30 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே பாதி வெற்றிடம் அல்லது பழைய சின்னச் செல். 3500 எம்ஏஎச், 35 ஆம்பியர் என்று இரண்டையும் ஒரே 18650 உறையில் போட்டு விற்பதும் நம்பத்தக்கதல்ல. அதைவிடக் கடினம், அசலைப் போலவே அச்சிட்ட போலி 25ஆர், 30க்யூ போன்றவற்றைப் பிரித்தறிவது. எழுத்தின் நிறம், நேர்முனையின் வடிவம் ஆகியவற்றை அசலின் படங்களோடு ஒப்பிடலாம் என்றாலும், பேட்டரிக்கென்றே பெயர் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதே உண்மையான பாதுகாப்பு. மடிக்கணினித் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த பழைய செல்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேப் சாதனத்துக்கு வேண்டவே வேண்டாம். அவை பெரும்பாலும் குறைந்த மின்னோட்ட வகை, அதோடு வயதும் தெரியாது.

வாங்கிய பிறகு

செல்லைக் கையில் எடுத்து நேர்முனைப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் சற்று மேடாக இருக்கும் வட்டம் நேர்முனை. அதைச் சுற்றி ஒரு வெள்ளையான அல்லது நிறமுள்ள வளையம். வளையத்துக்கு அப்பால், பிளாஸ்டிக் உறை உள்பக்கமாக மடிந்து மூடியிருக்கும் விளிம்பு. அந்த விளிம்புக்கு அடியில் இருப்பது எதிர்முனை. உலோகக் குப்பி முழுவதும், அடியிலிருந்து மேல் விளிம்பு வரை, எதிர்முனைதான். இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம் அங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே. நடுவே காவல் நிற்பது மெல்லிய வளையமும் காகிதத் தடிமனுள்ள பிளாஸ்டிக்கும். சாதனத்துக்குள் செலுத்தும்போதும் எடுக்கும்போதும் உரசிக் கிழிவது பெரும்பாலும் அந்த விளிம்புதான். நகத்தளவு கிழிசல் தெரிந்தாலும் அந்தச் செல்லைப் பயன்படுத்தக் கூடாது. குப்பியில் பள்ளமோ கசிவோ இல்லாமல் உறை மட்டும் கிழிந்திருந்தால், புது வளையமும் வெப்பத்தில் சுருங்கும் புது உறையும் போட்டுத் தொடரலாம். உறையின் விலை செல்லின் விலையில் மிகச் சிறு பங்கு.

உதிரிச் செல்லைச் சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் போடுவது ஏன் இத்தனை காயங்களில் முடிந்தது என்பதும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரைப் பார்த்தாலே விளங்கிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். பெட்டி இல்லாமல் செல்லை வெளியே எடுத்துச் செல்லவே வேண்டாம். விமானத்தில் சாதனத்தையும் உதிரிச் செல்லையும் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுப் பெட்டியில் வைப்பதற்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் இடம் கொடுப்பதில்லை.

சார்ஜ் ஏற்றுவதற்கு, 4.2 வோல்ட்டில் தானே நின்றுவிடும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் வெளிச் சார்ஜர் சிறந்தது. சாதனத்தின் யூஎஸ்பி துளை வழியே ஏற்றுவது அவசரத்துக்கு உதவும். ஆனால் இரண்டு செல் சாதனங்கள் எல்லாமே இரண்டையும் சமமாக ஏற்றுவதில்லை. ஒரு 18650-க்கு 1 முதல் 2 ஆம்பியர் வரை போதுமானது. இன்னும் வேகமாக ஏற்றினால் நேரம் மிச்சம், செல்லின் ஆயுள் நட்டம். படுக்கையின் மேலோ, தலையணைக்கு அருகிலோ, இரவெல்லாம் யாரும் பார்க்காமலோ ஏற்றக் கூடாது. வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு விளையும். குளிரில் இருந்து வந்த செல்லை அறை வெப்பத்துக்கு வர விட்டுவிட்டுச் சார்ஜரில் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும் ஆபத்தானது. சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 3.6 முதல் 3.8 வோல்ட் வரையிலான பாதிச் சார்ஜில் எடுத்து வைப்பது நல்லது.

இரண்டு செல் சாதனம் வைத்திருப்பவர், ஒரே வகையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டை ஜோடியாக்கி, அடையாளம் எழுதி, எப்போதும் சேர்த்தே ஏற்றிச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். சார்ஜ் ஏற்றும்தோறும் இடம் மாற்றிப் போட்டால் தேய்மானமும் ஒரே சீராக இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுங்கள். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது முன்னதாகத் தீர்ந்து, வரம்புக்குக் கீழே இழுக்கப்படும்.

ஓய்வு கொடுக்க வேண்டிய நேரத்தைச் செல்லே காட்டும். முன்பு ஏற்றிய சார்ஜில் பாதி நேரம்கூட நிற்கவில்லை, முன்பைவிடக் கூடுதலாகச் சுடுகிறது, சார்ஜரிலிருந்து எடுத்து வைத்த சில மணி நேரத்தில் 4.2-இலிருந்து கண்கூடாக இறங்குகிறது என்றால் மாற்றிவிட வேண்டும். உள்மின்தடை ஏறிய பழைய 20 ஆம்பியர் செல்லை இன்னும் 20 ஆம்பியர் செல்லாக நினைக்கக் கூடாது. 2.5 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கிப் பல நாள் கிடந்த செல்லைச் சில சார்ஜர்கள் உயிர்ப்பித்துத் தருவதாகச் சொல்லும். உள்ளே தாமிரத் தகடு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கக் கூடும் என்பதால் அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். பள்ளம் விழுந்தது, கசிந்தது, இனிய கரைப்பான் வாடை வீசுவது எதுவும் திரும்பச் சாதனத்துக்குள் போகக் கூடாது. ஓய்வு பெற்ற செல்லின் இரு முனைகளையும் மின்காப்பு டேப்பால் ஒட்டி, வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், பேட்டரி மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்; அதுவரை உலோகப் பொருள்களோடு சேராமல், எளிதில் தீப்பிடிக்கும் எதற்கும் அருகில் இல்லாமல் தனியாக வைத்திருங்கள்.